உனக்கு வாங்கிய ஒரு முழம்

என் செல்ல அம்மாவுக்கு,

மூன்று வருஷமாக எல்லாவற்றையும் உன் படத்தின் முன்னால் நின்றுதான் சொல்கிறேன். இதை மட்டும் முகம் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பா அடுத்த மாதம் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார். பெயர் வசந்தா. பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறார், கணவர் தவறிப்போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உனக்குக் கோபமா? எனக்கு இருந்தது.

கல்யாணத்துக்குச் சரி என்று தலையாட்டிய பிறகும் வசந்தா ஆன்டியை நம் வீட்டுக்குக் கூப்பிடவில்லை நான். "பாக்கலாம்பா" என்றே தள்ளிப்போட்டேன். அப்பாவும் வற்புறுத்தவில்லை. ஆனால் அழைப்பிதழில் போட ஒரு படம் வேண்டுமாம். கல்யாண ஜோடிகளைப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் மகள் எப்படி மறுப்பாள்? நேற்று வெள்ளிக்கிழமை காலை, கிள்ளானில் நம் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் சந்தித்தோம். அப்பா ஆன்டியை மேருவிலிருந்து காரில் அழைத்து வந்தார்.

கேமராவைக் கண்டால் அப்பா எப்படி நிற்பார் என்று உனக்குத் தெரியாதா? ஐசி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற மாதிரி விறைப்பாக நின்றார்.

"கிட்ட நில்லுங்கப்பா."

"கிட்டத்தானம்மா நிக்கிறேன்."

இருவருக்கும் நடுவில், அவர் அந்தக் காலத்தில் ஓட்டிய லோரியே புகுந்து போயிருக்கும். நடைப்பயிற்சிக்கு வந்த சீனப் பெரியவர் ஒருவர் "அங்கிள், ஸ்மைல் லா!" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா இன்னும் விறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆன்டியைப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன். கொண்டையில் பூ இல்லை. எந்த ஜோடி வந்தாலும் முதல் நாளே மெசேஜ் அனுப்புவேன்: புடவை நிறம், சட்டை, பூ. இவர்களுக்கு அனுப்பியதில் பூவை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றால் நீ நம்புவாயா? பதினோரு வருஷமாகப் பூ வைக்காதவர் தானாகக் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், அம்மா. தெரிந்துதான் விட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

"இங்க பக்கத்துல பூ கிடைக்குமாப்பா?"

"கார்ல இருக்கே" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமையாயிற்றே! வழக்கம்போலக் கடையில் நிறுத்தி உன் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கியிருக்கிறார். பக்கத்து சீட்டில் கல்யாணப் பெண் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் ஒரு முழம் வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை. இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லு?

பொட்டலத்தை எடுத்து வந்து பிரிக்கப் போனேன். ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. அக்காவுக்கு வாங்கினது. அவங்க படத்துக்கு வெக்காம என் தலையில வெக்கக் கூடாது. வழியெல்லாம் மடியிலதான் வெச்சிருந்தேன், மோந்துகூடப் பாக்கல."

அப்பா பூங்காவின் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குக் கூப்பிட வேண்டியது நான்தான் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"வீட்டுக்குப் போய் வெச்சிட்டு வந்துடலாம் ஆன்டி. பத்து நிமிஷம்தான்."

ஆன்டி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார், நான் "உள்ள வாங்க" என்று சொல்லும்வரை. பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். உனக்குப் பூ வைத்துவிட்டு அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு உன்னிடம் என்ன சொன்னார்? என்னிடம் சொல்லவில்லை. நீயாவது சொல்வாயா?

உன் பூவில் பாதியை நறுக்கி அவர் கொண்டையில் நான்தான் வைத்தேன். அவர் அழுதார், நானும் அழுதேன். "வெயில் ஏறுது, வாங்க லா!" என்று வாசலிலிருந்து அப்பா கத்தினார்.

பூங்காவுக்குத் திரும்பியபோது வெளிச்சம் கெட்டுவிட்டது. படத்தில் அப்பா வழக்கம்போலப் பாதிக் கண்ணை மூடியிருக்கிறார். ஆனால் சொல்லாமலேயே ஆன்டியின் பக்கத்தில் ஒட்டி நிற்கிறார். அதைத்தான் அழைப்பிதழில் போடப் போகிறேன்.

உன் வெள்ளிக்கிழமைப் பூ நிற்காது, அம்மா. இனி அப்பா இரண்டு முழம் வாங்கி வருவார். ஒன்றோடு வந்தால் வாசலிலிருந்தே கடைக்குத் திருப்பி அனுப்புவேன். உனக்கு வைத்த பிறகுதான் இன்னொரு முழத்தைப் பிரிப்போம்.

கதவைத் திறக்க இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட,
உன் பிடிவாதக்கார மகள்,
தேவி