ஜித்ராவிலிருந்து பஸ் பிடித்த கூரைத் தகரம்

மருதம்மா,

பத்து மணிக்குப் புது இன்சூரன்ஸ்காரர் வருவார். விண்ணப்பப் பாரத்தில் ‘பழைய இழப்பீட்டுக் கிளேம் உண்டா’ என்று கேட்டிருக்கும். மறைக்காமல் ‘உண்டு, கூரை இன்னும் ஒழுகுகிறது’ என்றே எழுது. வீட்டுக்கு ஒரு பொய்யன் போதும்.

பழைய கம்பெனி நாலு மாதமாக இழுக்கிறது. போன் போட்டால் பாட்டுதான் வருகிறது, எனக்கே மனப்பாடமாகிவிட்டது. ஒருவழியாகச் சேதம் பார்க்க வந்தவரிடம், புயலில் பறந்த நம் கூரைத் தகரம் ஜித்ரா ஊரில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பியது என்றேன். அந்த மனுஷன் சிரிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்! அதற்காக நீ மூன்று நாளாக என்னோடு பேசாதது ரொம்ப அதிகம்லா.

இன்று அலோர் ஸ்டாரில் இருக்கும் பழைய கம்பெனி ஆபீசுக்குப் போய் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கிறேன்.

பி.கு.: மத்தியானம் மழை வந்தால் என் பக்கம் படுத்துக்கொள். உன் பக்கம்தான் சொட்டுகிறது. இது கதையில்லை.