போன் அப்பா

ஜூன் 2, செவ்வாய்

நான்கு நாள் யோசனைக்கும் இரண்டு கண்ணாடிகளில் நடத்திய ஆய்வுக்கும் பிறகு, இன்று காலை 7.40க்குத் தாடியை எடுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். ஒன்பது மாதம் கப்பலில் வளர்ந்த தாடி. இந்த மூஞ்சிக்கு இரண்டாம் எஞ்சினியர் என்ற கௌரவத்தை ஓரளவு கொடுத்துக்கொண்டிருந்தது அதுதான். ஆனால் சின்னவள் நான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைக் கண்டாலே மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். இன்னும் மூன்று வயது ஆகவில்லை. தாடிதான் பயமுறுத்துகிறது என்பது என் கண்டுபிடிப்பு.

8.05. தாடி இல்லை. சின்னவள் மேசைக்கு அடியில்தான் இருக்கிறாள்.

ஜூன் 3, புதன்

கண்டுபிடிப்பு தவறு.

காலையிலிருந்து "போன் அப்பா வேணும்" என்று அழுகிறாள். போன் அப்பா என்பவர் ஒன்பது மாதமாகப் பழைய போனின் திரையில் வந்துகொண்டிருந்தவர். தாடி வைத்தவர். "ஹலோ, இஞ்சின் ரூம் பேசுது, அங்க யாரு?" என்று ஆரம்பிப்பார். "பாப்பா பேசுது" என்பாள் இவள். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது. எனக்கே கொஞ்சம் பொறாமை.

மனைவி சொன்னது: "உங்ககிட்ட இருந்த ஒரே அடையாளம் அதுதான். அதையும் வழிச்சுட்டு வந்து நிக்கிறீங்களே!"

27ஆம் தேதி கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரு தடவையாவது அவளாக என்னிடம் வந்தால் போதும். எழுதிப் பார்த்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 5, வெள்ளி

வாழைப்பழம் நீட்டினேன். பழம் ஏற்கப்பட்டது. நான் ஏற்கப்படவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

மனைவிக்கு இன்று மருந்துக்கடையில் வேலை. எட்டு மணிக்குப் போய்விட்டாள். பிள்ளைகளோடு முழு நாளும் நான் மட்டும், முதல் தடவையாக. கப்பல் வழக்கப்படி அரைமணிக்கு ஒரு வேலை என்று அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். பெரியவளுக்கு ஆறு வயது. எதற்கும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"இதுல பாப்பா அழற நேரம் எங்கப்பா?"

அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

அதன்பிறகு நாள் சுகமாகவே நடந்தது. ஒன்பதரை வரை யாரும் பல் தேய்க்கவில்லை. தலையணைகளை அடுக்கிக் கப்பல் கட்டினோம். வக்கீல் கேப்டன். சின்னவள் பயணி, என்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில். முட்டை கருகியது. "மேல் பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்று வக்கீல் எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னாள்.

பதினொரு மணிக்குப் பூங்கா. வக்கீல் நடுவில், ஆளுக்கொரு கை. சறுக்குமரத்தின் கீழே சின்னவள் விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். ஊரையே கூட்டினாள். பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்து, என்னைப் பார்க்காமல் அவளைக் கேட்டார்:

"யாரும்மா இது?"

"தெரியாது."

தெரியாது. அவ்வளவு தெளிவாக அவள் வேறெதையும் சொல்லிக் கேட்டதில்லை.

வக்கீல்தான் காப்பாற்றினாள். "எங்கப்பாதான் ஆன்ட்டி. கப்பல்ல இருந்து வந்திருக்காரு. ஒரு மாசத்துக்குத்தான். தாடி இருந்துச்சு, இப்ப இல்ல." அந்த அம்மாள் என் முகவாயை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலன் கிடைத்தது, அவ்வளவுதான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பணம் அனுப்பினேன், பேசினேன், பொம்மை வாங்கி வந்தேன். இதுல என்ன குறை? ஒண்ணும் புரியல.

திரும்பும்போது மழை. மனைவியின் மஞ்சள் மழைக்கோட்டை வக்கீல் பையில் வைத்திருந்தாள், புத்திசாலி. மூவரும் அதற்குள் புகுந்து வந்தோம். மூவரில் ஒருத்தி வேறு வழியில்லாமல்.

மத்தியானம் கண்ணாமூச்சி. சின்னவள் சேரவில்லை, பழைய போனோடு சோபாவில் இருந்தாள். நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், அங்கே மாட்டியிருந்த ஈரக் கோட்டுக்குக் கீழே. கழுத்தில் சொட்டுச் சொட்டாக. வக்கீல் நேரே வந்து கண்டுபிடித்தாள். ஆனால் அவுட் சொல்லவில்லை. குனியச் சொல்லிக் காதில் சொன்னாள்:

"நீ இங்கருந்தே அவளுக்குப் போன் போடு."

போட்டேன். திரையில் முதலில் ஒரு நெற்றி. பழக்கத்தில் வாயில் தானாக வந்தது. "ஹலோ, இஞ்சின் ரூம் பேசுது, அங்க யாரு?"

நெற்றி விலகி இரண்டு கண்கள் வந்தன.

"பாப்பா பேசுது... தாடி எங்க?"

"எடுத்துட்டேன்."

"மறுபடி வருமா?"

"வரும்."

யோசித்தாள். பிறகு என் தலைக்கு மேலே பார்த்தாள். "அது அம்மா கோட்டு."

"ஆமா."

படக்கென்று திரையில் சோபாத் துணி மட்டும். சின்னக் காலடிச் சத்தம். கதவு மெதுவாக விலகியது. போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள்.

"தூக்கு."

பன்னிரண்டு கிலோ இருப்பாள். இஞ்சின் ரூமில் இதைவிடக் கனமான வால்வுகளைத் தூக்கியவன். இவளை இறக்கி வைக்கத்தான் தெரியவில்லை.

"கண்டுபிடிச்சுட்டா. நீ அவுட்ப்பா," என்றாள் வக்கீல்.

ஜூன் 8, திங்கள்

மேசைக்கு அடியில் யாரும் இல்லை.

ஜூன் 16, செவ்வாய்

ஒரு நாளைக்கு மூன்று தடவை. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று போன் போட வேண்டும். "இஞ்சின் ரூம்" என்றதும் அவள் ஓடிவந்து கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் அங்கே இருப்பது அவளுக்கு அதிசயமாக இருக்கிறது. எனக்கும்தான்.

மனைவி: "வேற இடத்துல ஒளிஞ்சா என்னவாம்?" சமையலறையில் ஒளிந்து பார்த்தேன். கதவுக்குப் பின்னால் தேடிவிட்டு அழுதுவிட்டாள். இனி மாற்றுவதில்லை.

ஜூன் 27, சனி

அவள் தூங்கும்போது கிளம்பிவிடலாம் என்றாள் மனைவி. வேண்டாம் என்றேன். வாசலில் டாட்டா காட்டினாள். சிரித்துக்கொண்டுதான்.

ஜூலை 5, ஞாயிறு

இஞ்சின் ஓட்டம் சீர். எண்ணெய் அழுத்தம் சரி. மதியம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். சின்னவள்தான் எடுத்தாள். "ஹலோ, இஞ்சின் ரூம் பேசுது, அங்க யாரு?" என்றேன். போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். திரையில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. படுக்கையறைக் கதவு திறந்து மூடும் சத்தம் மூன்று தடவை கேட்டது.