மாட்டுப் பொங்கலுக்குக் குளித்த கன்று

அன்றைக்குக் குவைத்தில் அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீங்கள். என் வீட்டுக்காரர். காவலுக்கு இருந்த பட்டாணியன் குல்ஜான். ஃபஹாஹீலில் இருந்து காரில் வந்து இறங்கிய, நமக்கு விசா கொடுத்த முதலாளி கஃபீலின் தாயார். பிறகு நான், பேச்சித்தாய். செத்துக் கிடந்த கன்றுக்குட்டியையும் சேர்த்தால் ஆறு. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை, அண்ணாச்சி.

உங்கள் பதினாறாம் நாள் பத்திரிகை நேற்றுத் தபாலில் வந்தது. உங்கள் படத்துக்குக் கீழே 'வாய்மை தவறாதவர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன். செத்தவர்களை ஏசக்கூடாது என்பார்கள். உயிரோடு இருக்கையில் ஏச விட்டீர்களா?

குவைத்துக்கு என்னை வரவழைத்தவர் நீங்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆண்பிள்ளை கறந்த பாலைக் குடிக்க மாட்டேன் என்று அந்தக் கிழவி பிடிவாதம் பிடிக்க, நம்ம ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று அரபியில் பேசி விசா வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதில் நானும் அவரும் சேர்ந்து இருந்தது அவருடைய இரண்டு லீவு. வயிற்றைப் பார்த்தே பேசுகிற ஊரில் இருந்து தப்பித்து, வஃப்ரா பக்கம் அந்த மணல்காட்டில் ஒரு தகரக் கொட்டகையில் அவரோடு குடித்தனம் வைத்தேன். எனக்கு அது அரண்மனை.

கார்த்திகை பிறந்ததும் குளிருக்குக் கொட்டிலைக் கட்டும் வேலை தொடங்கியது. வடக்கே இருந்து வரும் காற்று காதை அறுக்கும். அந்தப் பக்கம் ஈச்ச மட்டைகளை நெருக்கி நட்டு, உள்ளே சாக்குப் படுதா கட்ட வேண்டும். சாக்கு அத்தனையும் தைத்தவள் நான். கோணி ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் புண். தரையில் காய்ந்த சாணமும் மணலும் கலந்து முழ உயரத்துக்கு மேடாக்கினேன். வெள்ளாடுகளுக்குச் சாக்கில் சட்டை தைத்தேன். சினைப் பசுவுக்குப் பேரீச்சம்பழத்தைத் தவிட்டில் பிசைந்து வைத்தேன். மேஸ்திரியான நீங்கள் கட்டில் போட்டு உட்கார்ந்து, "ஏ பிள்ள, உன் கல்யாணச் சேலைக்குக் கூட இம்புட்டுப் பாக்கல போலிருக்கே" என்று கேலி பேசினீர்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். வெள்ளிக்கிழமை கிழவி வந்து பார்த்து, நல்ல வேலை என்று உங்களைத்தான் மெச்சினாள். நீங்களும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டீர்கள்.

மார்கழிப் பாதியில் பசு ஈன்றது. நெற்றியில் வெள்ளை விழுந்த கிடாரிக் கன்று. கிழவிக்கு அதன் மேல் உயிர். பேரப்பிள்ளை பிறந்த மாதிரி ஒரு நீலத் துணியைக் கொண்டுவந்து அதன் கழுத்தில் கட்டிவிட்டுப் போனாள்.

அப்புறம் மாட்டுப் பொங்கல் வந்தது. ஊரில் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்ட வேண்டும் என்று நீங்கள் நின்றீர்கள். துடைத்துப் பொட்டு வைத்தால் போதும், ஊர்த் தை வேறு, இந்தத் தை வேறு என்று நான் சொன்னேன். அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர் வரும்போது வெதுவெதுப்பாகத்தான் வரும். என் கையைப் பிடிக்காத குறையாக, "தொட்டுப் பாரு, வெந்நி மாதிரி சுடுது. பொம்பள பேச்சக் கேட்டு மாட்டுப் பொங்கல விடச் சொல்லுதியா?" என்றீர்கள். தண்ணீர் சுட்டது உண்மை. காற்று சுடவில்லையே, அண்ணாச்சி. என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தார். நீங்கள் குழாயைப் பிடித்தீர்கள். அதற்கும் நான் தைத்துப் போட்டிருந்த சாக்குச் சட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பதினைந்து நாள் கன்றைத் தலையோடு நனைத்தீர்கள். மத்தியானத்துக்குள் அதன் கால்கள் வெடவெடக்க ஆரம்பித்தன. கம்பளியால் போர்த்தினேன், சட்டியில் கங்கு அள்ளி வைத்தேன். இருமிக்கொண்டே கிடந்தது. மூன்றாம் நாள் வெள்ளி காலையில் தலையைத் தூக்கவில்லை.

அந்த வெள்ளிக்குத்தான் கிழவி வந்தாள். நீலத் துணியைப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து உங்களிடம் ஏதோ கேட்டாள். எனக்கு அப்போது அரபியில் பால், தண்ணீர், யல்லா என்றால் கிளம்பு, கலாஸ் என்றால் முடிந்தது, இவ்வளவுதான் தெரியும். நீங்கள் பதில் சொன்னீர்கள். சொல்லிக்கொண்டே தாடையை என் பக்கம் நீட்டினீர்கள். கிழவி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணுமில்ல. சும்மா நில்லு."

குல்ஜான் மட்டும் கையை ஆட்டிக் கொண்டு முன்னால் வந்து, உடைந்த அரபியில் ஏதோ சொல்லப் பார்த்தான். நீங்கள் அவனை அதட்டி அனுப்பினீர்கள். ஒரு வாரத்தில் என்னைக் கப்பலேற்றிவிட முடிவாயிற்று. மூட்டை கட்டும்போது குல்ஜான்தான் வாசலில் நின்று, கன்று மாதிரியும் குழாய் மாதிரியும் கையால் காட்டி, நான்தான் நனைத்தேன் என்பது போல என்னைச் சுட்டி, உங்கள் பேரைச் சொல்லி, "ஜூட்" என்றான். பொய் என்று அர்த்தம். அந்த ஒரு இந்திச் சொல்லை நான் மறந்ததே இல்லை.

லீவில் வந்தபோது பால்பவுடர் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். "குழாய் பிடிச்சது நான், கயிறு பிடிச்சது உன் மாப்பிள்ள. நிசத்தச் சொல்லியிருந்தா ரெண்டு பேரு பொழப்பும் போயிருக்கும். ஒரு ஆளோட போச்சேன்னு நெனச்சுக்க, தாயி" என்றீர்கள். டின்னை உங்கள் முன்னாலேயே தெருவில் வைத்தேன். யார் எடுத்துப் போனார்கள் என்று பார்க்கவில்லை. அப்புறம் ஒன்பது வருஷம், மலடி என்றும் கன்றைக் கொன்றவள் என்றும் கேட்டுக்கொண்டு தனியே கிடந்தேன். பிள்ளை பிறந்தது அதற்கும் பிறகு.

இவ்வளவு ஏசியும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எனக்கு யார்? ஊர்க்காரர். உங்கள் பிழைப்பைக் காப்பாற்றப் பொய் சொன்னீர்கள். அந்தக் கணக்கைச் செத்தவரோடு நான் தீர்த்துக்கொள்கிறேன், போங்கள். ஆனால் அரபி தெரிந்த இன்னொருவர் அங்கே இருந்தார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. யார் கண்டார்கள், அவர் ஒரு தரம் வாய் திறந்திருந்தால் நாங்கள் இரண்டு பேருமே கப்பலேறியிருப்போம். சேர்ந்து ஏறியிருப்போம். நான் கேட்டது அவ்வளவுதான். ஐம்பது வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறேன். அந்த 'ஒண்ணுமில்ல'யைத்தான் இன்றைக்கும் நெஞ்சில் சுமக்கிறேன்.

கட்டினவர் பேரை வாயால் சொல்லக்கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். எழுதுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சுடலைமுத்து.