வெந்நீர் செலவாகாத வீடு

அன்புள்ள மருமகளுக்கு,

சுகமா என்று கேட்டிருந்தாய். மூட்டுவலி போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுகம் என்றே வைத்துக்கொள். குழந்தையின் கடிதம் கிடைத்தது. 'பாட்டிக்கு' என்பதில் ஒற்றெழுத்தைக் காணவில்லை. அடித்துத் திருத்தாதே, எடுத்துச் சொல்.

இந்தக் கடிதம் உன் கணவன் சலவை அறையில் மாட்டிவிட்டுப் போன ஸ்டர்லிங் ஜெனரேட்டரைப் பற்றி. இரண்டு மாதமாக அது சரியாக ஓடவில்லை. காலையில் பத்து நிமிடம் உறுமும், அப்புறம் மூச்சே இருக்காது. பாட்டரியில் மின்சாரம் சேர்வதில்லை. முன்பெல்லாம் தெருவில் கரண்ட் போனால் நம் வீட்டில் மட்டும் விளக்கு எரியும். இப்போது நானும் எல்லோரையும் போல மெழுகுவர்த்தி தேடுகிறேன். கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது, அதில் நான்கு பிழைகள். உன் கணவனோ போனில், "கழட்டிப் போட்ருங்கம்மா. அப்படியே வீட்டையும் பூட்டிட்டு ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போயிடுங்க" என்று ஒரே மூச்சில் இரண்டையும் முடித்துவிட்டான்.

நேற்று மெக்கானிக் வந்தார். கழற்றுவதற்கான படிவத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததால் காப்பி கொடுத்தேன். மூடியைத் திறந்து பர்னரைப் பார்த்தார், குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்ல யாரும் குளிக்கிறதே இல்லையா?" என்று கேட்டார்.

எழுபத்து நான்கு வயதில் என்னைப் பார்த்து இந்தக் கேள்வி! கான்வென்ட் விடுதியில் மழையோ பனியோ காலை ஐந்தரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பழகியவள் நான், இன்றுவரை ஒரு நாள் தவறியதில்லை என்றேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதாம்மா கோளாறே! பச்சத் தண்ணி!"

இந்த எஞ்சினுக்கு ஒரு பக்கம் நெருப்பும் மறு பக்கம் குளிர்ந்த தண்ணீரும் வேண்டுமாம். உள்ளே அடைபட்ட வாயு சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, பிஸ்டனை ஆட்டுகிறது, மின்சாரம் அதில்தான். அந்தத் தண்ணீரின் சூடு குளியலறைக்கு வெந்நீர் தரும் தொட்டிக்குப் போகிறது. தொட்டியிலிருந்து வெந்நீரை யாரும் எடுக்காவிட்டால் திரும்பி வருவதும் சுடுதண்ணீர்தான், எஞ்சின் நின்றுவிடும். "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. நாலு பேர் குளிக்கிற வீட்டுக்குப் போட்டது. முன்ன நல்லா ஓடுச்சுன்னா, யாரோ தாராளமா வெந்நீர் செலவு பண்ணியிருக்காங்க. அவங்க எங்கம்மா?" என்றார்.

இரண்டு மாதமாக வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன்.

நீ குளியலறைக்குள் போனால் முக்கால் மணி நேரம். நான் வெளியே நின்று கதவைத் தட்டுவேன். "வெந்நீர் என்ன ஆத்துலயா வருது?" என்பேன். குழந்தை பிறந்து நீ உடம்பு தேறாமல் இருந்தபோதும் கேட்டேன். நீங்கள் கிளம்பிய வாரத்திலும் கேட்டேன். நீ ஈரத் தலையோடு என்னைத் தாண்டிப் போவாய். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் என் படிக்கும் விளக்குக்கு மின்சாரம் சேர்ந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் தட்டியிருப்பேனோ என்னவோ.

இன்று காலை நானே வெந்நீரில் குளித்துப் பார்த்தேன். எஞ்சின் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடியது. ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. களைப்பாக இருக்கிறது.

படிவத்துக்காக மெக்கானிக் மாதக் கடைசியில் திரும்ப வருவார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. லீவுக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வற்புறுத்துவது என் வழக்கமில்லை. வருவதானால் அதற்குள் ஒரு வரி எழுது.

குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக விழாமல் இருந்ததல்லவா? தச்சரைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று மாட்டியிருக்கிறேன். நன்றாக விழுகிறது. வெளியே யார் தட்டினாலும் திறக்க வேண்டியதில்லை.

நோய்நொடி இல்லாமல் மூவரும் நன்றாக இருங்கள்.

உன் அத்தை