செர்ரி மரத்தின் கீழ் என் மருமகள்

சிட்னி,
28.08.2025

அன்புள்ள சம்பந்தி நாகலட்சுமி அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் யோகேஸ்வரன் மாஸ்டரும் நல்ல சுகத்தோடு இருக்க நல்லூர் முருகனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். திருவிழா நல்லபடி முடிந்திருக்கும். மாஸ்டர் இந்த முறையும் வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் போனாரா, அல்லது முழங்கால் வலியைச் சொல்லி நீங்கள் மறித்துவிட்டீர்களா? இங்கே நானும் உங்கள் மகள் மிருணாளினியும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நான் போனில் கதைத்தால் பக்கத்து அறைக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்று என் மகன் சுஜீதன் இருந்தபோது பகிடி பண்ணுவான். இது மிருணாவின் காதில் விழக்கூடாத விஷயம். எங்கள் மூத்தோர் சங்கத்து ஈஸ்வரமூர்த்தி ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உறைக்குள் சிறிய மட்டை ஒன்றும் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கடிதத்தை வாசியுங்கள்.

சனிக்கிழமையில் இருந்து நான் நானாக இல்லை. சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். விளக்கை ஏற்றிவிட்டு நெருப்புக்குச்சியைக் கொண்டுபோய்த் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டேன். கோப்பையில் தேத்தண்ணியும் இருந்தது. இந்த அறுபத்தாறு வயதில் எத்தனையோ பார்த்துவிட்டேன், இடம்பெயர்ந்து ஓடியதில் இருந்து பிள்ளையைப் பறிகொடுத்தது வரை. ஆனால் சனிக்கிழமை கண்டதைப் போல ஒன்று என்னை உலுக்கியதில்லை.

எங்கள் சங்கத்தில் வருடத்துக்கு இரண்டு தரம் பஸ் பிடித்து எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். இந்த முறை ஓபர்னில் இருக்கும் ஜப்பானியத் தோட்டம். ஏறக்குறைய ஐம்பது வருடத்துப் பழைய தோட்டமாம். குளம், அடுக்கிய கல்லு, வாரிவிட்ட மணல், வளைந்த பாலம் எல்லாம் அவர்களுடைய முறைப்படி இருக்கிறது. ஆவணியில் செர்ரி பூக்கும்போது சனம் அள்ளுகொள்ளையாக வரும். போகிற இடத்தை மாற்றிவிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் சொன்னார்கள். அதற்கு முதல் நீல மலைக்குப் போவதாகத்தான் பேச்சு. மிருணாவுக்கும் நான் நீல மலை என்றே சொல்லியிருந்தேன். மாறியதைச் சொல்ல மறந்துபோனேன். என் மறதிதான் இவ்வளவுக்கும் காரணம் என்றாலும், இப்போது யோசித்தால் மறந்தது நல்லதுக்குத்தான்.

அன்று மிருணாவுக்கு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை வேலை என்றாள். அவள் இரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். நான் ஐந்து மணிக்கே எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, சொதியைத் தனிப் போத்தலில் ஊற்றி, நீல மூடிப் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். இரண்டு மூன்று மாதமாகவே அவள் கொஞ்சம் கூடத் தாங்கோ மாமி, பின்னேரம் பசிக்குது என்று கேட்கிறாள். பிள்ளைக்குப் பசி திரும்பிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். சுஜீதன் போன பிறகு அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்பதைப் பார்த்தவள் நான்.

தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செர்ரி மரத்தில் பேருக்கு ஓர் இலை கிடையாது. பூ மட்டும்தான். கொப்பெல்லாம் மறைத்து வெள்ளையும் ரோசாவுமாக அப்பிக்கொண்டு நிற்கிறது. கிட்டப்போய் மணந்து பார்த்தேன், வாசம் இல்லை. பிடுங்கக்கூடாது என்று பலகை வேறு. இவ்வளவு பூவில் ஒன்றாவது ஒரு சாமிக்குப் போகாதே என்று எனக்கு அந்தரமாக இருந்தது. பக்கத்தில் நின்ற தனேஸ்வரி, அவர் மலேசியாக்காரர், எங்கள் சங்கத்தில் என் பஸ் கூட்டாளி, ஒரு வாரத்தில் எல்லாம் கொட்டிப்போகுமாம், அதுதான் இந்த அவசரம் என்று விளக்கம் சொன்னார். சனம் மரத்துக்கு மரம் பாய் விரித்து இருந்தது. ஒரு மயில் பாய்களுக்கு நடுவே தன் பாட்டில் நடந்து திரிந்தது.

குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தின் கீழே எங்கள் ஆக்கள் போல ஒரு சோடி இருந்தார்கள். அந்தப் பிள்ளை எதற்கோ தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் நல்ல வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு. நான் தனேஸ்வரியிடம், அந்தப் பிள்ளையைப் பாருங்கோ, எவ்வளவு லட்சணம், எங்கட மிருணாவும் முந்தி இப்பிடித்தான் சிரிக்கும் என்று காட்டினேன்.

சம்பந்தி, நான் சொல்வதை நம்புவீர்களோ தெரியாது. ஒரே வீட்டில் இருந்து, ஒரே குசினியில் சமைத்து, ஒவ்வொரு நாளும் பார்க்கிற முகம். அது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பொட்டு வைத்த அவளுடைய முகம் எப்படி இருக்கும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

எனக்கு முதலில் தெரிந்தது பெட்டிதான். நீல மூடி. அதில் நான் ஒட்டிவைத்த மஞ்சள் ஸ்டிக்கர். அந்த ஆண்பிள்ளை என் இடியப்பத்தை என் சொதியில் நனைத்துக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் இருப்பவள் யார் என்று என் மண்டைக்குள் ஏறியது. தனேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

உண்மையை எழுதுவதென்று இருந்துதான் பேனாவை எடுத்தேன், அதனால் மறைக்கவில்லை. அந்த நேரம் எனக்கு மானம் நினைவுக்கு வரவில்லை. செத்துப்போன என் மகனும் நினைவுக்கு வரவில்லை. இனி நான் எங்கே போவேன் என்பதுதான் முதலில் வந்தது. எனக்கு வேறு பிள்ளை இல்லை. இருக்கிற வீடு அவளுடையது. ஏதோவொரு முதியோர் இல்லத்தில் கதிரையில் இருத்தி, மசித்த உருளைக்கிழங்கை எனக்குத் தீத்துகிற மாதிரி கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. எனக்குப் பொய் சொல்லிவிட்டு, நான் அவித்ததையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாளே என்று பொல்லாத கோபம். பாலத்தைக் கடந்து விறுவிறுவென்று போனேன். என்ன கேட்பதென்று வாயில் எல்லாம் தயாராக இருந்தது.

பத்தடி தூரத்தில் அவள் என்னைக் கண்டாள். எழும்பி நின்றாள். புறங்கையால் நெற்றியை ஒரே இழுவையாக இழுத்து அந்தப் பொட்டை அழித்தாள்.

குங்குமம் புருவம் வரை இழுபட்டிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, களவெடுத்துப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றாள். என் வாயில் இருந்த எல்லாம் வற்றிப்போனது. அந்த ஆண்பிள்ளை மட்டும் ஒன்றும் விளங்காமல் எழும்பி, வாயில் இடியப்பத்தோடு, வணக்கம் ஆன்ட்டி, சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு என்றான். நான் பஸ் வெளிக்கிடப் போகுது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ் வெளிக்கிட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அவ்வளவு நேரமும் கார் பார்க்கில் ஒரு கல்லில் இருந்தேன்.

சம்பந்தி, அந்தப் பொட்டை முதல் தரம் அழித்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தரை வருடத்துக்கு முன்னால், தைப்பொங்கல் கழிந்த கிழமை, சுஜீதன் விளையாடப்போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். உங்களுக்கு விசா வருவதற்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. சவப்பெட்டியை மூட முதல் சடங்கில் நின்ற பெண்கள் மிருணாவின் பொட்டை எடுக்க வேண்டும் என்றார்கள். அந்நியக் கை ஒன்று அவளைத் தொடக்கூடாது என்று நினைத்து நான்தான் என் கையால் எடுத்தேன். நீங்களும் மாஸ்டரும் அதை அங்கே இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது மாஸ்டர் போனை மறுபக்கம் திருப்பிவிட்டார். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்றைக்குப் பிறகு பொட்டு வைக்காதே என்று அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. வை என்றும் சொன்னதில்லை. அவளோடு வேலை செய்கிற பெண்கள், கோயிலுக்கு வருகிற எத்தனையோ பேர், இந்தக் காலத்தில் யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். காலையில் அவள் திருநீறு மட்டும் பூசிக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்த்து, என் மகனை எவ்வளவு மதிக்கிறாள் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அவள் எனக்குப் பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் சத்தம் போடுகிற மாமி இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது நெற்றி துடைத்துவைத்தது போல இருந்தது. பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் காலடியில் வந்து இருந்தாள். அந்தப் பிள்ளைக்குப் பேர் நவீன்ராஜ், ஈப்போவில் இருந்து படிக்க வந்தவர், அவளுடைய ஆஸ்பத்திரியில்தான் எக்ஸ்ரே எடுக்கிறார், ஒரு வருடமாகக் கேட்கிறார் என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன் மாமி, மாமி இருக்குமட்டும் இந்தக் கதை வேண்டாம் எண்டுதான் சொன்னனான் என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள்.

மாமி இருக்குமட்டும். என் அம்மா தொண்ணூற்றொரு வயது வரை இருந்தவர். நானும் அப்படி இருந்தால் மிருணாவுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. நான் சாகும்வரை காத்திருக்க என் பிள்ளை முடிவெடுத்திருக்கிறாள். அதையும் என்னைக் கோபிக்காமல், இடியப்பம் நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே செய்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் கடையில் ஒரு மட்டை ஒட்டுப்பொட்டு வாங்கினேன். சுஜீதனின் அப்பா போன பிறகு இருபத்தாறு வருடமாக நான் அந்தப் பக்கமே போனதில்லை. எந்தச் சைஸ் வேணும் அன்ரி என்று கடைப் பிள்ளை கேட்டாள். தோட்டத்தில் பார்த்ததை நினைத்து, பெரிசு, சிவப்பு என்று சொன்னேன். திங்கட்கிழமை காலை நீலப் பெட்டிக்கு மேலே அதை வைத்துக் கட்டிக் கொடுத்தேன். இடியப்பமும் இரண்டு பேருக்கு அளவாக வைத்தேன். அந்தப் பிள்ளை உறைப்புக்குத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன், அதனால் சொதிக்குப் பச்சைமிளகாய் குறைத்துத்தான் போட்டேன்.

பின்னேரம் பெட்டி வெறுமையாக வந்தது. மட்டை பிரிக்காமல் வந்தது. செவ்வாயும் வைத்தேன், நேற்றும் வைத்தேன். மூன்று நாளும் மேசையில் நான் இருக்கிற பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். இன்று காலை நானே பேசினேன். வை பிள்ளை, நான்தானே சொல்லுறன் என்றேன். ஓம் மாமி என்றாள். வைக்கவில்லை. நான் அவளைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைக்கிறாளோ தெரியாது. அழித்தது இந்தக் கை. இது வை என்று நீட்டினால் அவள் எப்படி நம்புவாள்?

இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு நாளும் என்னிடம் மகளின் மறுமணத்தைப் பற்றிக் கேட்டதில்லை. போனில் கதைத்து முடிக்கிற நேரம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சரி சம்பந்தி வைக்கிறன் என்பீர்கள். அந்த இடைவெளியில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். விளங்காத மாதிரி இருந்துவிட்டேன். அதற்கு என்னை மன்னியுங்கள்.

விசிட்டர் விசாவுக்கு வேண்டிய கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் ஈஸ்வரமூர்த்தியின் மகனிடம் சொல்லி எழுதுவிக்கிறேன். மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்து அந்தப் பிள்ளையை நீங்களும் பாருங்கள், விசாரியுங்கள், பெற்றவர்களாக முடிவு செய்யுங்கள். என்னுடைய சம்மதம் இந்தக் கடிதத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. அவள் நம்பாவிட்டால் காட்டுங்கள். நான் எங்கே இருப்பேன் என்று கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்தக் கவலை எனக்கு இன்னும் போகவில்லைதான், ஆனால் அது என்னுடையது, அவள் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது உறையில் இருக்கும் மட்டையைப் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு பொட்டும் குறையாமல் இருக்கும். அதை நீங்கள் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீங்கள் சுமங்கலி, அவளைப் பெற்றவர். உங்கள் கையால் முதல் பொட்டை வைத்துவிடுங்கள். நான் உங்களுக்குப் பக்கத்தில், அவள் என் முகத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்கிறேன். அன்றைக்குப் பார்க்காமல் போனைத் திருப்பிய மாஸ்டரையும் முன்னுக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள்.

செர்ரி இந்த வருடத்துக்கு முடிந்துவிட்டதாம். அடுத்த ஆவணிக்குள் எல்லாம் நல்லபடி நடந்து, நம் பிள்ளை நெற்றி நிறைய வைத்துக்கொண்டு அந்த மரத்தின் கீழே இருக்க வேண்டும். நான் பாலத்தால் வருவதைக் கண்டும் அவள் கை நெற்றிக்குப் போகாமல் இருக்க வேண்டும். நல்லூரானிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை. நீங்களும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
சிவனேஸ்வரி