வெறியோ என்று கேட்டீர்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முதலிலேயே சொன்னவன், டொக்டர் ஐயா. பொலிஸ் என்னைப் பிடிக்கும், நீங்கள் என்னை விடுவிப்பீர்கள், ஒருநாள் இதை நானே உட்கார்ந்து எழுத வேண்டிவரும். மூன்றும் பலித்துவிட்டன.

இன்று கிளினிக்கில் ஊசி போட நர்ஸ் அம்மா என் கையில் ஸ்பிரிட் தடவினார். அந்த மணத்தில் உங்கள் அறை ஞாபகம் வந்து, உங்களை விசாரித்தேன். போன மாதம் காலமாகிவிட்டீர்களாம். கண் கலங்கியதற்கு ஊசியைச் சாட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி என் கையில். நமுனுகுல வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்; ஊவாவிலேயே எனக்கு இணை கிடையாது. அன்று மத்தியானம் ஒரு கல்யாண வீட்டிலிருந்து வேலைக்குத் திரும்பும்போது சார்ஜன்ட் லொறியை மறித்து என் வாயை மோந்து பார்த்தார்.

"குடிச்சுத்தானே இருக்கு. ஒத்துக்கிட்டு சைன் பண்ணு."

பண்ணினால் லைசன்ஸ் போகும், வேலை போகும், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பிராவும் போகும்.

"டொக்டர் பாக்கட்டுங்க. அவரு சொன்னா ஜெயிலுக்கே போறேன்" என்று நின்றுவிட்டேன். ஏழு பொலிஸ்காரர்கள் சேர்ந்துதான் ஜீப்பில் ஏற்றி உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சரி, இரண்டு பேர்.

நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். தலை நிமிராமலே கேட்டீர்கள்: "வெறியோ?"

"ஆமாங்க, சரியான வெறிங்க!"

சார்ஜன்ட் சிரித்தார். நீங்கள் எழுதிக்கொண்டே, "எவ்வளவு?" என்றீர்கள்.

"தலைக்கு மேல ஏறி நிக்குதுங்க. இந்த சார்ஜன்ட் ஐயாவ பாத்தாலே கடிச்சிரலாம் போல இருக்கு."

பேனா நின்றது. "ஐயோ, நான் கேட்டது குடிவெறி. நீர் சொல்லுறது கோவம்!"

உங்கள் ஊரில் வெறி என்றால் போதையாம். எழுதியதை வெட்டினீர்கள்.

பிறகு தரையில் கோட்டின்மேல் நடக்க வைத்தீர்கள். கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னீர்கள். கீழே போட்ட குண்டூசியை எடுக்கச் சொன்னீர்கள். எல்லாம் பிசகாமல் செய்தேன். கடைசியில் வாயால் ஊதச் சொல்லி, "மணக்குதே?" என்றீர்கள்.

"கல்யாண வீட்ல ஒருத்தன் சாராயத்த சட்டையில கொட்டிட்டாங்க."

குனிந்து என் சட்டையை முகர்ந்தீர்கள். நிமிர்ந்து மறுபடி பேனாவை எடுத்தீர்கள்.

சார்ஜன்டுக்கு அவசரம். "டொக்டர் மாத்தயா, வாசம் இருக்குதானே? போதும்தானே?"

"மணம் வேற, வெறி வேற. இருக்கிறதை எழுதுவன். இல்லாததை எழுத மாட்டன்."

வாயில் மணம் உண்டு, நிதானம் தவறவில்லை என்று எழுதினீர்கள். லைசன்ஸ் தப்பியது. அதன்பிறகு லொறியை விடும்வரை, ஓட்டுகிற நாளில் ஒரு சொட்டும் நான் தொடவில்லை. இதில் புளுகே இல்லை. தோட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

எல்ல ஸ்டேஷனிலிருந்து பதுளை பஸ் ஸ்டாண்ட் வரை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கல்யாண வீட்டில் சாராயத்தைக் கொட்டியவனுக்கு ஒரு புதுப் பெயர் வைப்பேன். நீங்கள் கேட்காமல் விட்டதை இனியாவது நானே சொல்ல வேண்டும். சட்டையில் ஒன்றும் கொட்டவில்லை, ஐயா. ஒரு கிளாஸ்தான். நான்தான் குடித்தேன்.