மேசையில் ஒரு தட்டு அதிகம்

பீடத்தின் முன்னால் என் கை பிடித்தவருக்கு,

 

மலேசியாவில் நீங்கள் வேலை பார்க்கும் சபா தோட்டத்திலிருந்து இன்று ஒரு பெண் நம் லாரன்துக்கா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி, நம் வாசலுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் நாலு வயதுப் பையன்.

"அக்கா, உங்க தம்பிதான் அனுப்பினாரு. அங்க பர்மிட் இல்லாதவங்கள போலீஸ் பிடிக்குது. எங்க அக்கா ரொம்ப பக்தி, வெளிய போன்னு சொல்ல மாட்டாங்கன்னாரு."

எனக்குத் தம்பியே கிடையாது. பையன் முகத்தைத் திருப்பினான். உங்கள் மூக்கு, உங்கள் காது.

யார் வந்தாலும் ஆண்டவரே வந்ததாக நினை என்று சொல்லி, தினமும் ஒரு தட்டு அதிகம் வைக்கப் பழக்கியவர் நீங்கள்தானே? அந்தத் தட்டில் மக்காச்சோளச் சோறும் சுட்ட மீனும் போட்டேன். கரண்டியால் அவளை அடிக்காமல் இருக்க எவ்வளவு செபித்தேன் என்பது அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பையன் கைகூப்பினான். "ஆண்டவரே, ஊர்ல அப்பாவுக்காகக் காத்திருக்கிறவங்களுக்கும் சோறு தாரும்."

"இவங்கப்பா சொல்லிக்குடுத்த செபம்" என்றாள் அவள். "அப்படிக் காத்திருக்கிறது யாரு, அக்கா? எத்தன தடவ கேட்டாலும் சொல்ல மாட்டேங்குறாரு."

பையன் தட்டில் இன்னொரு மீன் வைத்தேன். அவர்கள் இங்கேயே இருக்கட்டும். அது யாரென்று நீங்களே வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா